ஸ்ரீரங்கத்துத் தபால் முத்திரை

அன்புள்ள ஜெனி,

போன ஞாயிற்றுக்கிழமை கோவிலில் உன் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை நான்தான் வாசித்தேன். உபதேசியாருக்குத் தொண்டை கட்டியிருந்தது. பூசை முடிவதற்கு முன் பங்குச் சாமி அறிவிப்புத் தாளை என்னிடம் நீட்டி, "உங்க வீட்டு விசேஷம், நீங்களே வாசிச்சிடுங்களேன் சார்" என்றார். உன் பெயர், அருளின் பெயர், இரண்டு பக்கத்துப் பெற்றோர் பெயர்கள் எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். அதற்குப் பிறகு வரும் வரி உனக்குத் தெரியும். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைப் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். வாழ்நாள் முழுக்கக் காதில் விழுந்த வரிதான். ஆனால் அன்று 'அறிந்தவர்கள்' என்ற இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. மைக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்து ஒரு பையன் எழுந்து வந்து ஒயரை ஆட்டிப் பார்த்தான். உன் கல்யாணத்துக்குத் தடையாக எனக்கு எதுவும் தெரியாது. அருள் நல்ல பிள்ளை. ஆனால் உன்னிடம் தெரிவிக்கக் கடமைப்பட்ட ஒன்றை நான்கு வருஷமாகத் தெரிவிக்காமல் இருக்கிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் நீ வீட்டுக்கு வந்திருந்தபோது, பத்திரிகை கொடுக்க வேண்டியவர்களின் பட்டியலை ஊர் ஊராகப் பிரித்து எழுதி வைத்திருந்தேன். ஸ்ரீரங்கம் என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. ரோஸி டீச்சர். நீ பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு, "இது வேண்டாம்ப்பா" என்றாய். உன் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஞானஸ்நானத்துக்கு உன்னைக் கையில ஏந்தினவங்கடி. ஞானத்தாய் இல்லாம கல்யாணமா?" என்றாள். "ஞானத்தாய் மொட்டைக் கடுதாசி போடுவாங்களாம்மா?" என்று நீ கேட்டாய். இருவரும் என்னைப் பார்த்தீர்கள். நான் தாளைத் திருப்பி, "சரி, அடுத்தது கருமண்டபம்" என்றேன்.

அந்த மொட்டைக் கடிதத்தை எழுதியது ரோஸி டீச்சர் இல்லை, ஜெனி. நான்தான் எழுதினேன்.

இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். மூன்று முறை அப்படித் தொடங்கி மூன்று முறையும் கிழித்துப் போட்டேன். காரணத்தைச் சொல்லாமல் செயலை மட்டும் சொன்னால் நீ என்னைப் பற்றி இன்னும் மோசமாக நினைப்பாயோ என்ற பயம் ஒரு பக்கம். காரணத்தைச் சொன்னால் அதுவே ஒரு சமாதானம் போல ஆகிவிடுமோ என்ற சந்தேகம் இன்னொரு பக்கம். காரணத்தை எழுதுகிறேன். அதைக் கேட்டால் செயல் இன்னும் அசிங்கமாகத்தான் தெரியும் என்று இப்போது நினைக்கிறேன்.

உனக்குப் பதின்மூன்று வயது. நானும் ரோஸி டீச்சரும் வேலை பார்த்த ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. உன்னையும் அழைத்துப் போயிருந்தேன். புதிதாக மாற்றலாகி வந்த ஒரு வாத்தியார், "இது உங்க பொண்ணா சார்?" என்று கேட்டார். அவர் உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது எனக்குச் சங்கடமாக இருந்தது. "நிறம் கொஞ்சம் கம்மிதான், ஆனா கணக்குல கெட்டி" என்றேன். நீ என் பக்கத்தில்தான் நின்றாய். உன் காதில் விழுந்ததா என்று நான் கவனிக்கவில்லை. சரியாகச் சொன்னால், அதைக் கவனிக்க வேண்டிய விஷயமாகவே நான் நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னேன், உன் திறமையையும் சொன்னேன், தராசு சமமாக இருக்கிறது என்று நினைத்தேன். உனக்கும் அருளுக்கும் பிள்ளைகள் பிறந்தால், குழந்தையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அதைப் பற்றி மூன்றாம் ஆளிடம் பேசாதீர்கள். புகழ்ச்சியாக இருந்தாலும் வேண்டாம். உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு இருக்கிற தகுதி இவ்வளவுதான்: நான் செய்ததைச் செய்யாதே என்பது.

கல்லூரி மூன்றாம் வருஷத்தில் நீ சென்னையில் நடந்த அழகிப் போட்டிக்குப் பேர் கொடுத்திருப்பதாகச் சொன்னபோது நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "பரீட்சை எப்ப?" என்று கேட்டேன். நீ கிரீடத்தோடு வந்த அன்று நான் ஜங்ஷனுக்கு வரவில்லை. வயிற்று வலி என்று சொன்னேன். வலி எதுவும் இல்லை. மறுநாள் பேப்பரில் வந்த உன் படத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். அதை உள்பக்கமாக மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தேன். படம் கசங்கக்கூடாது என்றும் நினைத்தேன், வருகிறவர்கள் பார்வையில் படக்கூடாது என்றும் நினைத்தேன். ஜங்ஷனுக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து மல்லிகைச் சரத்தோடு வந்தவர் ரோஸி டீச்சர். அவர் உன்னை ஆட்டோவில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு என்னிடம் சொன்னது உனக்குக் கேட்டிருக்காது. "சார், எல்லாரும் அவ முகத்தைப் பாத்துட்டாங்க. இன்னும் நீங்க ஒருத்தர்தான் பாக்கல." நான் காபி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

அதற்குப் பிந்தைய ஒரு வருஷத்தில் நீ நகைக்கடைத் திறப்பு விழா, ஜவுளிக்கடைத் திறப்பு விழா என்று ஓடினாய். பிறகு தில்லைநகரில் ஒரு தோல் மருத்துவக் கிளினிக் திறப்பு விழாவுக்குப் போய்விட்டு வந்து மூன்று வாரம் அறையை விட்டு வெளியே வரவில்லை. முகத்தில் வெண்புள்ளி படர்ந்த ஒரு சிறுமி உன் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இங்க வந்தா நான் உங்களை மாதிரி ஆயிடுவேனா?" என்று கேட்டாளாம். ஆகிவிடுவாய் என்று சொல்லத்தான் உனக்குக் காசு கொடுத்திருந்தார்கள். நீயும் சொல்லிவிட்டு வந்துவிட்டாய். இதை நீ என்னிடம் சொல்லவில்லை. ரோஸி டீச்சரிடம் சொன்னாய். அவர்தான் உன்னைத் தியானக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்த பெண் வேறு மாதிரி இருந்தாள். காலையில் எனக்கு முன்னால் எழுந்து பைபிளோடு உட்கார்ந்திருந்தாய். ஒப்பந்தங்களை எல்லாம் விட்டாய். திருவெறும்பூரில் ஒரு சின்ன வீடு எடுத்து, தொழிற்சாலைக் குடியிருப்புப் பெண்களையும் நர்சிங் படிக்கிற பிள்ளைகளையும் கூட்டி ஜெபம் நடத்தத் தொடங்கினாய். நான் அப்போதும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மனசுக்குள் இதுவும் ஒரு மேடைதான் என்று நினைத்தேன். அன்று கிரீடம், இன்று ஜெபமாலை என்று நினைத்தேன். நாற்பது வருஷமாகத் தினமும் பூசைக்குப் போகிற ஒருவன், தன் மகளை ஆண்டவர் தொட்டிருக்கலாம் என்று ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை.

உன் கூட்டத்துக்கு நான் ஒரே ஒரு முறை வந்திருக்கிறேன். நீ அறியமாட்டாய். பென்ஷன்காரர்களுக்கான ஆயுள் சான்று கொடுக்க பேங்குக்குப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தஞ்சாவூர் பஸ் ஏறித் திருவெறும்பூரில் இறங்கினேன். ஹாலில் இடமில்லை. வாசலுக்கு வெளியே செருப்புகள் கிடந்த இடத்தில் நின்று ஜன்னல் வழியாகக் கேட்டேன். நீ சாட்சியம் சொல்லிக்கொண்டிருந்தாய். "எனக்குப் பதிமூணு வயசுல எங்கப்பா ஒருத்தர்கிட்ட சொன்னார், நிறம் கொஞ்சம் கம்மிதான், ஆனா கணக்குல கெட்டின்னு. அன்னைலேருந்து எனக்குக் கணக்கே வரலை." பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "அப்பாவைக் குத்தம் சொல்லலைங்க. அவர் எல்லாத்தையும் அளந்து பாக்கற மனுஷர். அப்புறம் நான் போன இடத்துல இஞ்ச் டேப் வெச்சே அளந்தாங்க. நட, நில்லு, திரும்புன்னாங்க. ஜெயிச்சேன். ஜெயிச்சப்புறமும் அப்பா சொன்னதுதான் உள்ளே ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒருநாள் சிலுவையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். இவர் என்னை நடன்னும் சொல்லல, திரும்புன்னும் சொல்லல, சும்மா பாத்துக்கிட்டே இருக்காரேன்னு தோணுச்சு. அன்னைக்குத்தான் அழுதேன்." முன் வரிசையில் ஒரு பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஜெனி, அந்த இடத்தில் ஒரு நல்ல தகப்பன் என்ன நினைத்திருப்பான் என்று எனக்கு இப்போது தெரிகிறது. உள்ளே வந்து உன் கையைப் பிடித்திருப்பான். நான் நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: இதை நம் கோவிலில் சொல்லிவிடுவாளோ? முப்பது வருஷமாக அந்தப் பீடத்தில் முதல் வாசகம் வாசிக்கிறவன் நான். ஊரில் எனக்கு இருக்கிற மரியாதை எல்லாம் அதுதான். பணமும் இல்லை, பதவியும் இல்லை, "வாசகர் சார்" என்ற பெயர்தான் இருந்தது. நீ அங்கே நின்று சிரித்துக்கொண்டே அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால், அடுத்த ஞாயிறு நான் எந்த முகத்தோடு பைபிளைத் திறப்பேன்? பஸ்ஸில் வரும்போது முழுக்க இதையே யோசித்தேன். அந்த வாரமே, நான் பயந்தபடி, அப்போதிருந்த சாமி உன்னைத் தவக்கால வெள்ளியில் சிலுவைப்பாதைக்குப் பிறகு சாட்சியம் சொல்ல அழைத்தார். நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய் என்று நான் பார்த்தேன். "சொந்தப் பங்குல கூப்பிட்டிருக்காங்கப்பா, என்ன பேசறதுன்னு சொல்லுங்க" என்று என்னிடமே கேட்டாய். "சுருக்கமா பேசு" என்றேன்.

மறுநாள் மத்தியானம் உன் அம்மா தூங்கிக்கொண்டிருந்தபோது எழுதினேன். கையெழுத்து தெரியாமலிருக்க ஸ்கேல் வைத்து ஒவ்வொரு எழுத்தையும் கோடு கோடாக இழுத்தேன். ஐந்து பாயிண்ட். போட்டியில் நீ நீச்சல் உடையில் எடுத்துக்கொண்ட படங்கள் இன்னும் இணையத்தில் இருக்கின்றன என்று ஒன்று. தவக்காலத்தில் அப்படிப்பட்டவர் பீடத்தருகே நிற்பது மக்கள் மனத்தைப் புண்படுத்தும் என்று ஒன்று. மற்ற இரண்டும் அதே ரகம். கடைசியாக, உன் கூட்டம் நம் திருச்சபையை விட்டுப் பிரிந்த ஒரு சபையோடு தொடர்புடையதாகக் கேள்வி என்று எழுதினேன். அப்படி எந்தக் கேள்வியும் எனக்கு வரவில்லை. அது பொய். முதல் நான்கும் பயத்தில் எழுதியவை. ஐந்தாவதை எழுதும்போது எனக்குப் பயம் இல்லை, நான்கு போதாதோ என்ற கணக்கு மட்டும்தான் இருந்தது. அதனால் நான்கைவிட அந்த ஒன்றைத்தான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

நம் தெருவில் தபாலில் போட்டால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். பொன்மலையில் நம் பங்குக்காரர்கள் இருக்கிறார்கள், தில்லைநகரில் இருக்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் யாரும் இல்லை என்று கணக்குப் போட்டேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்த ஊரில் இறங்கி, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினேன். ஸ்ரீரங்கத்தில் யாரும் இல்லையா? மாடியில் ஒரு போர்ஷன் எடுத்துக்கொண்டு தனியாக இருந்த ரோஸி டீச்சர் இருந்தார். நம் பங்கில் பாடகர் குழுவை நடத்துவதற்காக ஞாயிறுதோறும் பாலம் தாண்டி வந்துகொண்டிருந்தார். அவரைப் பங்குக்காரராக நான் எண்ணவே இல்லை, வீட்டு மனுஷியாகத்தான் நினைத்திருந்தேன், அதனால் மறந்துபோனேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மைதானா என்று தெரியவில்லை. மனம் சிலதை மறப்பதில்லை, ஓரமாகத் தள்ளி வைக்கிறது. சந்தேகம் வந்தால் யார் மேலாவது விழட்டும் என்று உள்ளே எங்கோ ஒரு மூலையில் நினைத்தேனா? இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை.

மற்றது உனக்குத் தெரியும். சாமி உன்னைக் கூப்பிட்டு ஐந்தையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். நிகழ்ச்சி ரத்து. எப்போதும் மங்கலாக விழும் முத்திரை அன்றைக்கு அச்சடித்தது போல விழுந்திருந்தது. "ஸ்ரீரங்கத்துலேருந்து வந்திருக்கும்மா" என்று அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து நீ சொன்னாய். முந்தின வாரம்தான் ரோஸி டீச்சர் அந்தப் பழைய படங்களை எடுத்துவிடச் சொல்லக்கூடாதா என்று உன்னிடம் கேட்டிருந்தார். உனக்கு வேறு யார் மேல் சந்தேகம் வரும்? கூடத்தில் நின்று அவருக்குப் போன் செய்தாய். "நீங்கதானாம்மா?" என்று ஒரே கேள்வி. அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. நீ போனை வைத்துவிட்டு, "இல்லைன்னு கூடச் சொல்லலைப்பா. நீ அப்படி நெனச்சா நான் என்ன சொல்றதுங்கறாங்க" என்று சொல்லிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாய். நான் நாற்காலி போட்டு ஏறி நின்று கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன். இறங்கவில்லை. பேட்டரி மாற்றியாகிவிட்டது, முள்ளையும் சரிசெய்தாகிவிட்டது, அப்போதும் இறங்கவில்லை. மேலே நின்றபடியே, "சாமி முடிவு பண்ணினா அதுல ஏதாவது அர்த்தம் இருக்கும்" என்றேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

விஷயம் ஊரில் பரவியது. ரோஸி டீச்சர் பாடகர் குழுவை விட்டார். நம் கோவிலுக்கே வருவதை விட்டார். நான் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் இருந்தேன் என்று நினைக்காதே. வேறொரு பங்குக்குப் போய், வலைக்கு அந்தப் பக்கம் யாரென்று தெரியாத ஒரு சாமியாரிடம், "பிறரைப் பற்றிக் குறை கூறினேன்" என்றேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உண்மையைப் பொய் சொல்லாமலே மறைக்க முடியும் என்பதைப் படித்தவர்கள் எளிதில் கற்றுக்கொள்கிறோம்.

ஓலை வாசித்ததற்கு மறுநாளுக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, ஸ்ரீரங்கம் போனேன். கீழ் வீட்டு மாமி கதவைத் திறந்து, "டீச்சரைப் பாக்கணுமா? வாங்கோ வாங்கோ. முன்னெல்லாம் ஞாயித்துக்கிழமை சாயங்காலமானா ஜேஜேன்னு இருக்கும், இப்ப அவாளைத் தேடிண்டு ஒருத்தரும் வரதில்லையேன்னு எங்காத்துக்காரர்கிட்ட சொல்லிண்டே இருப்பேன்" என்றார். மாடியில் டீச்சர் டியூஷன் நோட்டு திருத்திக்கொண்டிருந்தார். முடி முழுக்க வெளுத்துவிட்டது. "உக்காருங்க சார்" என்றார், போன வாரம்தான் பார்த்தது போல. நான் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தேன். என்ன சொல்வது என்று எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

"பாயிண்ட் போட்டுக் கொண்டாந்திருக்கீங்களா?" என்றார். "அதுலயும் அஞ்சு பாயிண்ட்தான்."

தாளை மடித்துப் பையில் வைத்தேன். "தெரியுமா டீச்சர்?"

"சாமி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார் சார். படிச்ச உடனே தெரிஞ்சுபோச்சு. மொட்டைக் கடுதாசியில 'தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்'னு போடற ஆளு திருச்சி ஜில்லாவுலயே ஒருத்தர்தான். இருபது வருஷம் உங்க லீவு லெட்டரை எல்லாம் ஹெட்மாஸ்டர் ரூம்ல பாத்திருக்கேனே."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"யார்கிட்ட சொல்ல? அவளுக்கு அப்பதான் ஜெபம் பிடிபட்டிருந்துச்சு. அப்பாதான்னு தெரிஞ்சிருந்தா ஊழியத்தை மட்டுமில்ல, ஜெபத்தையே விட்டிருப்பா. என்னை வெறுத்தா, ஜெபத்தை விடலை. அது போதும்னு இருந்துட்டேன்." நோட்டுகளை அடுக்கி வைத்துவிட்டு, "உங்களைக் காப்பாத்தணும்னு செஞ்சேன்னு நெனச்சுக்காதீங்க சார். உங்க மேல எனக்குக் கோவம்தான். இப்பவும் இருக்கு" என்றார்.

உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போவதாகச் சொன்னேன். "கல்யாணம் முடியட்டும். பொண்ணு அழுத முகத்தோட கோவிலுக்கு வரக்கூடாது" என்றார். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? சரி டீச்சர் என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டு இறங்கினேன். பஸ் பாலத்தில் நெரிசலில் நின்றபோதுதான், நிம்மதியாக இருக்கிறதே என்பதே எனக்கு உறைத்தது. கல்யாணம் முடிந்து பதினைந்தாம் நாள் நீங்கள் இருவரும் ராய்ப்பூர்ப் பக்கம் ஊழியத்துக்குப் போகிறீர்கள். அதற்குப் பிறகு லீவில் வரட்டும் என்பேன். வந்தால், குழந்தை உண்டாகியிருக்கிறாள் இப்போது வேண்டாம் என்பேன். என்னை எனக்குத் தெரியும். ரோஸி டீச்சர் இரண்டாவது முறையும் எனக்காக விட்டுக்கொடுக்க, நான் இரண்டாவது முறையும் வாங்கிக்கொள்ளப் பார்த்தேன். அதனால் அவர் பேச்சை மீறி எழுதுகிறேன். நீ அழுவாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அன்று சாயங்காலமே உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டாள். "ஒரு தேங்காய் வாங்கினாக்கூட ரெண்டு தடவை தட்டிப் பாத்துட்டுக் கடைக்காரன்கிட்ட மன்னிப்புக் கேக்கற மனுஷன்" என்று மட்டும் சொன்னாள், அது என்னிடம் சொன்னது போலவும் இல்லை. அதற்குப் பிறகு மூன்று நாளாகப் பேச்சு இல்லை. சோறு மட்டும் வருகிறது. இன்று காலை, "உப்பு போதுமா?" என்று கேட்டாள். அதை நான் மன்னிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உப்பைத்தான் கேட்டாள். இப்போதிருக்கிற புதுச் சாமியையும் பார்த்துச் சொல்லிவிட்டேன். இனி வாசகம் வேண்டாம் என்றேன். பாடகர் குழுவில் பழைய ஆட்கள் நான்கு பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் நானே சொல்கிறேன். சொல்லும்போது நீயோ உன் அம்மாவோ பக்கத்தில் இருக்க வேண்டாம்.

உன் கல்யாண வாழ்க்கைக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தால், எனக்குத் தோன்றுவது இது ஒன்றுதான். அருளுக்கும் உனக்கும் நடுவே வெட்கப்படும்படி ஒன்று வந்தால், அது சிறியதாக இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். அந்த ஆண்டு விழா அன்று வீட்டுக்கு வந்ததும், "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது பாப்பா" என்று நான் சொல்லியிருந்தால் அரை நிமிஷம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிஷத்துக்குப் பயந்து, உன் இளமையில் பாதியையும், நல்ல மனுஷி ஒருத்தியின் நான்கு வருஷத்தையும் செலவழித்தேன். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். டிரங்குப் பெட்டியிலிருந்த படத்தை அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன். நீ அழகாக இருக்கிறாய். கிரீடம் வைத்த படத்தில் மட்டும் இல்லை. அன்று ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, கலைந்த தலையோடு, வியர்த்துப் போய், அந்தப் பெண்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாயே, அப்போதும். என் பயத்தையும் மீறி அதைப் பார்த்தேன். பார்த்தும் அந்தக் கடிதத்தை எழுதினேன்.

இந்தக் கடிதத்தை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். உன் கூட்டத்தில் வாசிக்கலாம். நம் கோவிலிலும் வாசிக்கலாம். ரோஸி டீச்சர் மேல் பழி பரவிய அளவுக்கு இது பரவினால்தான் நியாயம். என் பெயரைச் சொல்லலாம். கல்யாணத்தன்று உன்னைப் பீடம் வரை யார் அழைத்துவர வேண்டும் என்பதை நீ முடிவு செய். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் எனக்கு உன் முகம் தெரியும். என்னை என்ன செய்வது என்பதை மெதுவாக யோசி. அதற்கு ராய்ப்பூரிலிருந்தும் பதில் எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம்.

ஆனால் ஸ்ரீரங்கத்துக்கு இந்த வாரமே போய்விடு. பத்திரிகையைத் தபாலில் அனுப்பாதே, தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் பூவும் வைத்து நேரில் கொடு. முன்கூட்டியே போன் செய்யாதே, செய்தால் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார். சாயங்காலம் நான்கு மணிக்கு டியூஷன் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், அதற்கு முன்னால் போ. பகலில் மாமி தூங்குவார், அதனால் வாசல் மணியை நீ அடித்தால் ரோஸிம்மாதான் மாடியிலிருந்து இறங்கி வர வேண்டும். முட்டி வலியோடு ஒவ்வொரு படியாக இறங்க அவருக்கு நெடுநேரம் ஆகும். யாரும் இல்லை போல என்று நினைத்துத் திரும்பிவிடாதே, ஜெனி. வாசலிலேயே நில்.

உன்னிடம் எதையும் கேட்க உரிமை இல்லாத,
அப்பா